10 கணினி, 40 பிள்ளைகள், வாரத்துக்கு 2 பீரியட்: நடுநிலைப் பள்ளியில் கணினி அறிவை எங்கிருந்து தொடங்குவது?

வெண்கட்டி (கேள்வி):

வணக்கம். கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 வகுப்புகளில் தலா 40 பேர் வரை இருக்கிறார்கள். லேபில் 10 டெஸ்க்டாப், ஒரு லேசர் பிரிண்டர். கணினிகளில் 4 பழையவை. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், ஆன் செய்தால் திரை வருவதற்குள் மணி அடித்துவிடும். இணையம் 4ஜி ரவுட்டர் வழியாக. மழை வந்தால் அதுவும் இல்லை.

பிள்ளைகளுக்குக் கைப்பேசி அத்துப்படி. ரீல்ஸ், கேம், கூகுள் பே எல்லாம் தெரியும். ஆனால் கணினியில் எழுதியதைச் சேமித்துவிட்டு மறுவாரம் வந்து எடுக்கச் சொன்னால் முழிக்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் மைக்கைத் தேடுகிறார்கள். 6-க்கு மேல் அறிவியல் புத்தகக் கடைசியில் கணினிப் பாடம் இருக்கிறது, அதைப் படித்துக் கேள்வி பதில் எழுதிவிடுகிறார்கள். கை மட்டும் பழகவில்லை.

கேட்க வேண்டியது மூன்று. 40 பேரை 10 கணினியில் எப்படி உட்கார வைப்பது? எதை முதலில் எடுப்பது, எதை விடுவது? ஏஐ, இணைய மோசடி, பொய்ச்செய்தி இதையெல்லாம் இந்த வயதில் எந்த அளவுக்குச் சொல்லலாம்? பொதுவான அறிவுரை வேண்டாம், வகுப்பில் நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

கோப்புறை:

டீச்சர், உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பாடத்திட்டமே அதிலிருந்து தானாக வந்துவிடும்.

தேர்வு, விழா, விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 30 வாரம் கிடைத்தால் 60 பீரியட். பீரியட் 40 நிமிடம். கணினியைத் திறக்கவும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவும் 5, கடைசியில் சேமித்து மூட 5. மிச்சம் 30. ஒரு கணினிக்கு 4 பேர், அதாவது இரண்டு ஜோடி. ஜோடிக்கு 15 நிமிடம். ஜோடிக்குள் மவுஸ் ஒருவர் கையில் ஏழரை நிமிடம். 60 பீரியடுக்கு ஏழரை நிமிடம் என்றால் 450 நிமிடம். ஒரு பிள்ளையின் கை கணினியில் படுவது ஆண்டு முழுக்க ஏழரை மணி நேரம், அவ்வளவுதான்.

இந்த ஏழரை மணியை வேர்டு ஆர்ட்டுக்கும் ஸ்லைடு பறந்து வருவதற்கும் செலவழிக்கக் கூடாது என்பது என் கட்சி. கைப்பேசியில் தானாக வராத நான்கு விஷயம் இருக்கிறது: கோப்பை எங்கே வைத்தோம் என்று தெரிவது, தமிழில் தட்டச்சு, ஒரு அட்டவணையில் எண்ணை உள்ளிட்டுக் கூட்டுவது, திரையில் வருவதைச் சரிபார்ப்பது. மீதியை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

இருக்கை. கணினிக்கு 1 முதல் 10 வரை எண் ஒட்டுங்கள். வருகைப் பதிவேட்டில் 1 முதல் 4 வரை முதல் கணினி, 5 முதல் 8 வரை இரண்டாவது என்று நிலையாகப் பிரித்துவிடுங்கள். அவரவர் இஷ்டத்துக்கு உட்காரவிட்டால் வீட்டில் லேப்டாப் இருக்கும் பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், பக்கத்துப் பெண் பார்வையாளராகவே ஆண்டை ஓட்டிவிடுவாள். இது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. ஏழரை நிமிடத்தில் மேசையைத் தட்டுங்கள், கை மாற வேண்டும். மவுஸ் இல்லாதவர் கையில் செயல் அட்டை. அவர் வாசிப்பார், இவர் செய்வார். வாசிப்பவர் மவுஸைத் தொடக்கூடாது, விரலால் திரையைக் காட்டலாம், வாயால் சொல்லலாம். "அந்த மஞ்சள் ஃபோல்டர் மேல ரைட் கிளிக்" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

செயல் அட்டை ஏ4 தாளில் கால் பங்கு. ஒரு அட்டையில் ஆறு படிக்கு மேல் வேண்டாம். 6-ம் வகுப்புக்கு மாதிரி ஒன்று: ஆவணங்கள் ஃபோல்டரைத் திற. உள்ளே உன் வகுப்பு, எண் போட்டு ஒரு ஃபோல்டர் உருவாக்கு. எழுதும் செயலியைத் திறந்து உன் ஊர்ப் பெயரை அடி. உன் ஃபோல்டருக்குள் சேமி. செயலியை மூடு. இப்போது அதே கோப்பைத் தேடித் திற.

கடைசிப் படிதான் உயிர். பெரும்பாலோர் அங்கேதான் மாட்டுவார்கள். ஏனென்றால் சேமிக்கும் சாளரம் கடைசியாக யார் எங்கே சேமித்தார்களோ அந்த இடத்தையே காட்டும், பிள்ளை பார்க்காமல் ஓகே கொடுக்கும், கோப்பு முந்தைய வகுப்பின் ஃபோல்டருக்குள் போய் விழும். கைப்பேசியில் படம் எடுத்தால் கேலரியில் தானாக வரும். எங்கே வைப்பது என்று யாருமே கேட்டதில்லை. அதனால் "மேலே இருக்கும் முகவரிப் பட்டையை வாய்விட்டுப் படி, பிறகு சேமி" என்பதை ஒரு சடங்காகவே ஆக்கிவிடுங்கள்.

பெயர் வைக்கும் முறையையும் முதல் மாதமே பிடித்துவிடுங்கள்: வகுப்பு, எண், தலைப்பு. 7-05-மழை என்கிற மாதிரி. 5 என்று போடாமல் 05 போடுவதற்குக் காரணம், பல இடங்களில் வரிசைப்படுத்தும்போது 10 என்பது 5-க்கு முன்னால் வந்து நிற்கும். தேதி போட்டால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அப்போதுதான் கோப்புகள் காலவரிசையில் அடுக்கி நிற்கும்.

இன்னொரு சின்னச் சமாச்சாரம். இரட்டைக் கிளிக் வரவில்லை என்று அழுவார்கள். இரண்டு அழுத்தலுக்கு நடுவில் சின்னக் கை லேசாக நகர்ந்துவிடுகிறது, கோப்பு இழுபட்டுவிடுகிறது அல்லது பெயர் மாற்றும் கட்டம் வந்துவிடுகிறது. ஒரு முறை கிளிக் செய்து என்டர் தட்டச் சொல்லுங்கள். மவுஸ் அமைப்பில் இரட்டைக் கிளிக் வேகத்தையும் குறைத்து வையுங்கள்.

வெளியே உட்கார்ந்திருக்கும் ஜோடிக்கும் வேலை வேண்டும், இல்லாவிட்டால் கும்மாளம்தான். அடுத்து அடிக்கப்போகும் மூன்று வரியை நோட்டில் எழுதி வைப்பது, அட்டவணையைத் தாளில் கோடு போட்டு நிரப்புவது, ஒரு கேள்விக்கு என்ன தேடுசொல் கொடுப்பது என்று மூன்று வகையில் எழுதிப் பார்ப்பது. தாளில் யோசித்துவிட்டு வருபவருக்கு ஏழரை நிமிடம் தாராளம்.

---

மூணு முள் பிளக்:

பாடத்தை மற்றவர்கள் சொல்லட்டும். 10 கணினியும் ஆண்டு முழுக்க ஓடினால்தானே அந்த ஏழரை மணி கிடைக்கும். லேப் கெடுவது பெரும்பாலும் கணினியால் அல்ல, மின்சாரத்தால்.

எல்இடி திரையோடு ஒரு டெஸ்க்டாப் சுமார் 100 வாட். பத்துக்கு 1 கிலோவாட். சுமை பெரிதில்லை, ஆனால் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் எக்ஸ்டென்ஷன் பெட்டி சொருகிப் பத்தையும் ஓட்டுவதுதான் வினை. ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி. பிரிண்டருக்குத் தனிப் புள்ளி. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் சொருகவே கூடாது. அதனுள் இருக்கும் உருளை சூடேறும் நொடியில் கிட்டத்தட்ட 1 கிலோவாட் இழுக்கும், 600 விஏ யூபிஎஸ் கத்திவிட்டு அணையும், கூடவே அதில் சொருகிய கணினியும்.

எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 10, 20 என்று காட்டினால் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, அல்லது வயரிங்கில் எங்கோ தப்பு. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அன்றைக்கு லேபைப் பூட்டிவிடுங்கள், விளையாட்டில்லை.

பழைய 4 கணினி. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, ராமை 8 ஆக்கினால் அரை நிமிடத்தில் திரை வரும். புதுக் கணினி கேட்டு எழுதிவிட்டுக் காத்திருப்பதற்கு இது மேல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தியவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், 8-ம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்கிற அட்டவணைச் செயலிதானே. ஒரு எச்சரிக்கை: வாரன்ட்டி அல்லது பராமரிப்பு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் திறக்க வேண்டாம். கழற்றிய பாகம், போட்ட பாகம் இரண்டையும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி எச்.எம். கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டில் ஹார்டு டிஸ்க் எங்கே என்று கேட்பார்கள்.

அடிக்கடி வரும் இரண்டு கோளாறு.

ஒன்று: "இன்டர்நெட் வேலை செய்யவில்லை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று வருகிறது." முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து, பதினைந்து ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032, செத்துவிட்டது. தேதி தப்பானால் தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடி ஆகத் தொடங்கவில்லை என்று உலாவி நினைத்துக்கொள்கிறது. பேட்டரி மலிவுதான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

இரண்டு: ஆன் செய்தால் பீப் பீப், திரையில் ஒன்றுமில்லை. கோடை விடுமுறை கழிந்து ஜூனில் இது நிச்சயம் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதித் தட்டி, டக்கென்று இரு பக்கமும் பூட்டு விழும்வரை அழுத்துங்கள். பத்தில் ஏழு கணினி எழுந்துவிடும்.

கோப்புறை சொன்ன ஃபோல்டர் விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். பிள்ளைக்கு ஒரு பயனர் கணக்கு என்று 120 உருவாக்காதீர்கள். வகுப்புக்கு ஒன்று, மொத்தம் மூன்று, நிர்வாகி உரிமை இல்லாமல். விருந்தினர் கணக்கு வேண்டவே வேண்டாம். லினக்ஸில் விருந்தினர் வெளியேறியதும் கோப்புகள் அத்தனையும் அழிந்துவிடும், போன வார வேலையைத் தேடி அழுவார்கள். 16 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று வாங்கிக் கேபிளில் இணைத்து, ஆசிரியர் கணினியில் ஒரு பொது ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் இணையம் இல்லாமலேயே எல்லாக் கோப்பும் உங்களிடம் வந்து சேரும். வைஃபையை நம்பாதீர்கள். கேபிள் முனை நீங்களே அடிப்பதானால் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை.

பென்டிரைவ். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அதைக் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்வதுதான் வைரஸைக் கிளப்பிவிடும். லினக்ஸ் கணினியில் சொருகினால் மறைந்திருக்கும் உண்மையான ஃபோல்டர் அநேகமாகத் தெரியும். அதைப் பிரதியெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

---

புள்ளி வைத்த எழுத்து:

தமிழ்த் தட்டச்சுக்கு மட்டும் பதில். தமிழ் 99 கற்றுக்கொடுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. தமிழைத் தமிழ் எழுத்தாகவே நினைத்து அடிக்க வைப்பது அது.

பிள்ளைகளுக்கு 247 எழுத்து என்று பயம் காட்டாதீர்கள். 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, 31 விசை. இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலும் மெய். நடு வரிசையை முதல் வாரத்தில் பாட்டு மாதிரி சொல்ல வையுங்கள்: அ இ உ புள்ளி எ, அப்புறம் க ப ம த ந ய. மேல் வரிசை: ஆ ஈ ஊ ஐ ஏ, ள ற ன ட ண ச ஞ. கீழ் வரிசையில் ஔ ஓ ஒ, வ ங ல ர, கடைசியில் கேள்விக்குறி இருக்கும் விசையில் ழ. ஆய்தம் வேண்டுமானால் ஷிஃப்டோடு புள்ளி விசை.

பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ஒரு அடையாளம் இருக்கிறது. ஆங்கில எஃப் விசையிலும் ஜே விசையிலும் விரலில் தட்டுப்படும் சின்ன மேடு உண்டு. எஃப்பில்தான் தமிழ் 99-இன் புள்ளி. "கைக்குத் தட்டுப்படுகிற புள்ளிதான் புள்ளி" என்று சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். ஜே மேட்டில் ப.

ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. பள்ளி: ப, ள, ள, இ. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. தங்கம்: த, ங, க, ம, கடைசியில் மட்டும் புள்ளி.

தடுக்கி விழும் இடம் பப்பாளி. ப, ப, ப, ஆ என்று அடித்தால் "ப்பபா" என்று வந்து நிற்கும், முதல் இரண்டு ப-வும் ஒட்டிக்கொண்டுவிடும். முதல் ப-வுக்குப் பிறகு அ விசையைத் தட்டிப் பிரிக்க வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. மமதைக்கும் இதே வைத்தியம். விண்டோஸோ லினக்ஸோ, நிறுவியதும் பப்பாளியை அடித்துப் பாருங்கள். தானாகப் புள்ளி விழாத மென்பொருள்களும் உண்டு, அதில் ஒரு கணினியிலும் இன்னொன்றிலும் வேறு வேறு மாதிரி பழகிவிட்டால் பிள்ளை குழம்பும். பத்திலும் ஒரே மென்பொருள், மொழி மாற்ற ஒரே குறுக்கு விசை. லினக்ஸில் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவினால் உள்ளீட்டு முறைப் பட்டியலில் தமிழ் 99 வந்துவிடும்.

பீரியடுக்கு 5 நிமிடம் போதும், வேகம் பார்க்க வேண்டாம். விசையைப் பார்க்காமல் 10 சொல். அவ்வளவுதான்.

பழைய கேள்வித்தாள் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறதே, அது கோப்பு கெட்டதனால் அல்ல. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. அரசு 2010-லேயே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறச் சொல்லி ஆணையிட்டாயிற்று. மாற்றியைக் கொண்டு ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள். 8-ம் வகுப்புக்கு இதை ஒரு பாடமாகவே காட்டலாம்: எழுத்து வேறு, அதன் படம் வேறு.

---

கைப்பேசிக்காரன்:

மேலே சொன்னவரோடு ஒரு வழக்கு. ஏழரை மணி நேரத்தில் தமிழ் 99-க்கு ஒரு மணிக்கு மேல் போகிறது. பிள்ளை வீட்டுக்குப் போனால் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறது, அல்லது மைக்கில் பேசுகிறது. அது இழிவா? வேலை ஆகிறதே.

---

புள்ளி வைத்த எழுத்து:

இழிவில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தால் ல, ள, ழ மூன்றில் எது என்பதைப் பட்டியல் முடிவு செய்கிறது, பிள்ளை முதலில் வருவதைத் தட்டிவிடுகிறது. வகுப்பில் கட்டுரை நோட்டைத் திருத்துபவர்களிடம் கேளுங்கள், விளைவைச் சொல்வார்கள். குரல் உள்ளீட்டுக்கும் அதே கதி: பேச்சில் ழ வராத வாய்க்கு எழுத்திலும் வராது. கைப்பேசி விசைப்பலகைகளிலும் தமிழ் 99 கிடைக்கிறது, பள்ளியில் பழகியது வீட்டுக்கும் போகும். 6-ம் வகுப்பில் மட்டும் கட்டாயம், 8-ல் அவரவர் விருப்பம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கணக்கும் இடிக்காது.

---

சந்தேகப் பேர்வழி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், டீச்சர். ஏஐ பற்றிப் பயமுறுத்தியோ புகழ்ந்தோ பேச வேண்டாம். அதைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், சோதிக்கக் கருவி நம்மிடமே இருக்கிறது: திருக்குறள்.

உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் திரையில், ஒரு ஏஐ உரையாடல் செயலியிடம் கேளுங்கள்: "மழையைப் பற்றிய ஐந்து குறளை எண்ணோடு கொடு." வந்ததைப் பிள்ளைகள் மூன்று சல்லடையில் சலிக்கட்டும். முதல் வரியில் நான்கு சீர், இரண்டாம் வரியில் மூன்று சீர் இருக்கிறதா? எண் 1330-க்குள்தானா, அதிகாரத்துக்குப் பத்து என்ற கணக்கில் அந்த எண் எந்த அதிகாரத்தில் விழ வேண்டும்? கல்வி 40-வது அதிகாரம், எனவே அதன் குறள்கள் 391 முதல் 400 வரை. வான்சிறப்பு 2-வது, எனவே 11 முதல் 20 வரை. கடைசியாக, நூலகத்துத் திருக்குறள் பிரதியில் அந்த வரி அப்படியே இருக்கிறதா? எண் தப்பும், ஒரு குறளின் தலையில் இன்னொன்றின் வாலும், சில நேரம் இல்லவே இல்லாத குறளும் வரக்கூடும். எல்லாம் சரியாகவே வந்தாலும் பாடம் வீணில்லை, சலித்த பிறகுதானே அது தெரிந்தது. அடுத்த வாரம் உங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேளுங்கள். பதிலை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள்.

ஏன் தப்பு வருகிறது என்பதையும் இந்த வயதுக்குச் சொல்லலாம்: அது புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லவில்லை, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கோக்கிறது. சில செயலிகள் இணையத்தில் தேடியும் பதில் சொல்கின்றன, அப்போது எந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் கணக்கு ஆரம்பிக்க வேண்டாம். கூகுள் கணக்குக்கு இங்கே 13 வயது ஆக வேண்டும். 6-ம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு மின்னஞ்சல் திறந்து கொடுத்தால், பொய் விவரம் கொடுப்பதுதான் நாம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. மின்னஞ்சலின் பாகங்களைத் தாளில் சொல்லிக்கொடுக்கலாம்: பெறுநர், பொருள், உடல், இணைப்பு. பொருள் வரி எழுதத் தெரியாத பெரியவர்களே ஏராளம்.

வாட்ஸாப் வதந்திக்கு: செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அது பொய் என்று அர்த்தமில்லை, அனுப்பியவர் எழுதியதில்லை என்று அர்த்தம். இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அம்பு இல்லாததெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். படத்தைத் தேடுபொறியில் கொடுத்து அது முன்பு எங்கே, எந்த ஆண்டு வெளியானது என்று பார்க்க வையுங்கள். வெள்ளப் படங்கள் இதற்கு நல்ல சரக்கு. மழைக்கு மழை பழைய படமே புதிய தேதியோடு சுற்றும்.

பண மோசடியில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும்: பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம். யூபிஐயில் பின் கேட்டால் உன் கணக்கிலிருந்து போகப்போகிறது, இல்லையென்றால் இருப்பைப் பார்க்கிறாய். பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய் என்று யாராவது சொன்னால் பிள்ளையே அப்பாவைத் தடுக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930. நேரம் ஆக ஆகப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிடும், முடக்க முடியாது. பிள்ளைகளுக்கே இணையத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் 1098. இரண்டு எண்ணும் லேப் சுவரில் பெரிதாக இருக்கட்டும்.

லேப் ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் அடைபடும், செலவில்லை. உலாவி அமைப்புக்குள் யாராவது வேறு டிஎன்எஸ் கொடுத்துவிட்டாலோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலோ இது பலிக்காது. ஆகவே திரைகள் எல்லாம் உங்கள் மேசையிலிருந்து தெரியும்படி சுவரோரமாகப் போடுங்கள். எந்த வடிகட்டியையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

---

வெண்கட்டி:

எல்லாருக்கும் நன்றி. பப்பாளியை இன்றைக்கே அடித்துப் பார்த்தேன், 10-ல் 3 கணினியில் "ப்பபாளி", மீதியில் புள்ளியே விழவில்லை. ஆக இரண்டு விதமான மென்பொருள் இருக்கிறது என்று தெரிந்தது.

ஒரு கேள்வி பாக்கி. கால்க் எப்படித் தொடங்குவது, மதிப்பீடு எப்படி? தாளில் கேள்வி கேட்டால் எல்லாரும் நூற்றுக்கு நூறு.

---

கோப்புறை:

கால்க்குக்குப் பிள்ளைகளுடைய எண்களையே எடுங்கள். காலை உணவு சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை, வகுப்பின் உயரம், எடை, ஒரு மாத வருகை. எடையைப் பெயரோடு பொதுவில் காட்ட வேண்டாம், எண் மட்டும்.

தவறு இரண்டு இடத்தில் நிச்சயம் வரும், வரட்டும். "40 கிலோ" என்று ஒரே கட்டத்தில் அடிப்பார்கள். கூட்டினால் அந்தக் கட்டம் கணக்கில் சேராது, எல்லாக் கட்டமும் அப்படியிருந்தால் விடை 0. அது எண் இல்லை, சொல் ஆகிவிட்டது. அடையாளம் கண்ணுக்கே தெரியும்: எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், சொல் இடப்பக்கம் ஒட்டும். அலகைத் தலைப்பில் எழுத வேண்டும், கட்டத்தில் எண் மட்டும். இரண்டாவது தேதி. அக்டோபர் 5 என்று நினைத்து 5.10 என்று அடித்தால் அது 5.1 ஆகிவிடும். சாய்கோடு போடச் சொல்லுங்கள்.

மதிப்பீடு 12 நிமிடம், தனித்தனியாக, ஒரு பீரியடில் 20 பேர். இரண்டு பீரியடில் வகுப்பே முடிந்துவிடும். பணி: உன் ஃபோல்டரில் போன மாதம் சேமித்த கோப்பைக் கண்டுபிடி. அதில் மூன்று வரி தமிழில் சேர். புதிய பெயரில் சேமி, பழையது அப்படியே இருக்க வேண்டும். பொது ஃபோல்டருக்குப் பிரதியெடு. கணினியை முறையாக மூடு. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், செய்தால் 2, கேட்டுச் செய்தால் 1.

பெரும்பாலோர் மூன்றாவதில்தான் மதிப்பெண் விடுவார்கள். சேமி கொடுத்துவிட்டு, பழையதும் புதியதும் ஒன்றாகிப்போனது தெரியாமல் இரண்டு கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மதிப்பீட்டுக்கு முந்தின நாள் பொது ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். யாராவது ஒருவர் பிரதியெடுப்பதற்குப் பதில் மொத்தத்தையும் இழுத்து வேறெங்கோ போட்டுவிடுவார்.

---

மூணு முள் பிளக்:

அந்த 3 கணினியில் எந்த மென்பொருள் இருக்கிறது என்று பெயரைப் பார்த்துப் போடுங்கள் டீச்சர். மீதி 7-லும் அதையே நிறுவ வழி சொல்கிறேன். அப்படியே தேதி சரியாகக் காட்டுகிறதா என்று பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.